மூடுபனியில் அடித்த மணி

அந்த மீன்பிடி ஊருக்குப் போனால் என்னவெல்லாம் பார்க்கலாம் என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போங்கள். கலங்கரை விளக்கத்தில் ஏறலாம். ஏலக்கூடத்தில் மீன் விலை போவதை வேடிக்கை பார்க்கலாம். வலை பின்னுகிறவர்களிடம் பேச்சுக் கொடுக்கலாம். படகில் ஏறி, கடலுக்குள் நிற்கும் பாறையைச் சுற்றி வரலாம். ஆனால் படகுத்துறையின் கோடியில் ஒரு பித்தளை மணி தொங்கும். அதை மட்டும் தொடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். நம்பாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். இது எனக்கு நடந்தது. நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

பேய் என்றால் நள்ளிரவில்தான் வரும் என்று நினைத்தவன் நான். எனக்கு வந்தது சாயங்காலம் நாலே கால் மணிக்கு.

நானும் மனைவியும் இரண்டு நாள் விடுமுறைக்குப் போயிருந்தோம். முதல் நாள் காலை ஏலக்கூடத்தில்தான் அந்த ஏலக்காரரைப் பார்த்தோம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தொண்டை கிழியக் கூவுவார், நடுநடுவே எல்லாரையும் வம்புக்கு இழுப்பார். என் மனைவி அவரைப் படம் எடுக்கப் போனபோது, "மீனை எடுங்கம்மா. நான் விலை போகாத சரக்கு" என்றார். கூடமே சிரித்தது.

மதியம் இரண்டரை மணிக்குப் பாறையைப் பார்க்கப் படகு. படகுப் பயணம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. வரவில்லை என்றேன்.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள் மனைவி.

"போறதுன்னா நீ போ. வந்தா வா, வராட்டி போ" என்று எரிந்து விழுந்தேன். அவள் திரும்பிப் பார்க்காமல் படகில் ஏறினாள். படகுக்காரர், அவள், தனியாகச் சுற்றிப் பார்க்க வந்த இரண்டு பெண்கள். மொத்தம் நாலு பேர். மூன்றரைக்குத் திரும்பிவிட வேண்டும்.

மூன்று பத்துக்கு மூடுபனி இறங்கியது. கடலே காணாமல் போய்விட்டது. மீன்பிடிப் படகுகள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. மூன்றே முக்காலுக்குப் பார்த்தால் என் மனைவி போன படகு மட்டும் இல்லை.

துறையில் பைத்தியம் மாதிரி ஓடினேன். ஏலக்காரர்தான் என் தோளைப் பிடித்து மணிக்கு அடியில் நிறுத்தினார்.

"பனி வந்தா மணி அடிப்போம் சார். ஒவ்வொரு படகுக்கும் ஒரு கணக்கு உண்டு. இந்தப் படகுக்கு நாலு. நாலு அடிச்சு நிறுத்துங்க, பத்து எண்ணுங்க, திரும்ப நாலு."

"நீங்களே அடிங்களேன். எனக்குப் பழக்கமில்ல."

"கடல்ல ஆள் இருக்கறவங்கதான் அடிக்கணும். படகுக்காரன் சம்சாரம் பிரசவத்துக்குப் போயிருக்கு. உங்களை விட்டா ஆளில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்குக் கடல்ல யாரும் இல்ல சார். ஒண்ணு மட்டும்... நாலைத் தாண்டிடாதீங்க."

கடலோரக் காவல்படைக்குத் தகவல் சொல்ல ஏலக்கூடத்துக்குள் போனார். நான் அடித்தேன். நாலு. பத்து எண்ணினேன். நாலு. முப்பது நிமிடம். கயிறு உள்ளங்கையை அறுத்தது. கடலிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. 'வராட்டி போ' என்று சொன்ன இந்த வாயை என்ன செய்தால் தகும் என்று அழுதுகொண்டே அடித்தேன்.

நாலே கால். கை தவறிவிட்டது. நாலுக்கு மேல் ஒன்று அடித்துவிட்டேன்.

டண்...

பனிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"ஹோ..."

ஆண் குரல். ரொம்பத் தூரத்தில். படகுக்காரர்தான் என்று நினைத்து மறுபடி நாலு அடித்தேன். பதில் இல்லை. இன்னொரு தடவை நாலு. இல்லை.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த தடவை கை தவறவில்லை. தெரிந்தேதான் ஐந்து அடித்தேன்.

"ஹோ..."

இந்த முறை பக்கத்தில்.

எஞ்சின் சத்தம் இல்லை. துடுப்புச் சத்தம். சளப்... சளப்...

ஏலக்காரர் ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"எத்தனை அடிச்சீங்க?"

"நாலு."

"பொய் சொல்லாதீங்க சார்!"

மறுபடி ஐந்து அடித்தேன். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நிறுத்துங்க... உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்..."

"என் பொண்டாட்டி அங்க இருக்கா!"

அவர் எழுந்து, என்னைப் பார்க்காமல், தன் வீட்டுப் பக்கம் நடந்தார்.

நான் நிறுத்தவில்லை.

நாலு நாற்பது. பனிக்குள் ஒரு நிழல். அந்தப் படகுதான்... முனையில் ஒரு கயிறு விறைப்பாக நின்றது. யாரோ இழுத்து வருகிற மாதிரி.

முன்னால் யாரும் இல்லை.

துறையைத் தொட்டதும் கயிறு தொய்ந்து தண்ணீரில் விழுந்தது. என் மனைவி இறங்கினாள். கட்டிப்பிடித்துக் குழந்தை மாதிரி அழுதேன்.

அறைக்குப் போய்ப் போர்வையைச் சுற்றிக்கொண்ட பிறகுதான் அவள் பேசினாள்.

"எஞ்சின் நின்னுடுச்சு. மணிச் சத்தமே கேக்கல. அப்புறம் ஒரு துடுப்புப் படகுல நாலு பேர் வந்து கயிறு போட்டாங்க. அப்பதான் மணி கேட்டுச்சு. அதுல பெரியவரு, மணி அடிக்கறது யாருன்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரர்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"இல்லம்மா, அது எங்க தம்பி. இப்பதான் முழிச்சிருக்கான்... அப்படின்னாரு."

மறுநாள் காலை ஏலம் நடக்கவில்லை. ஏன் என்று விடுதிக்கார அம்மாவைக் கேட்டேன். ஏலக்காரரைக் காணோமாம். கதவு திறந்து கிடக்கிறதாம். அப்புறம் அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால், அவரோடு சேர்த்து ஐந்து அண்ணன் தம்பிகள்; அவர்தான் கடைக்குட்டி. அவர்கள் படகின் கணக்கு ஐந்து. அன்றும் இதே மாதிரி பனி. மூத்தவர்கள் நாலு பேரும் கடலில். கடைக்குட்டி கரையில் மணியடிக்க வேண்டும். பையனுக்குக் காய்ச்சல்... மணிக்கு அடியிலேயே தூங்கிவிட்டான். நாலு பேரும் திரும்பவில்லை. அன்றிலிருந்து அந்த ஊரில் யாரும் ஐந்து அடித்ததில்லை.

என் மனைவி என்னைப் பார்த்தாள். "நீங்க எத்தனை அடிச்சீங்க?"

"நாலு" என்றேன். இன்றுவரை அதையேதான் சொல்கிறேன். அன்றைக்கு மாதிரி மறுபடி நிற்க வேண்டி வந்தாலும் ஐந்துதான் அடிப்பேன். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

கிளம்பும்போது அவர் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. மணி பத்து. வெயில் சுள்ளென்று அடித்தது. துறைப் படியிலிருந்து அவர் வாசல் வரை கல்தரையில் ஈரக் கால்தடங்கள். அத்தனை வெயிலிலும் காயவில்லை. ஊர்க்காரர்கள் தள்ளி நின்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். நானும் எண்ணினேன்.

கடலிலிருந்து வந்தது நாலு பேர்.

திரும்பிப் போனது ஐந்து பேர்.