தேய்க்காமல் விட்ட இடம்

பெரம்பலூர் துறையூர் ரோட்டில் டிங்கர் பட்டறை வைத்திருந்த அரியமுத்துவுக்குத் துரு என்றாலே ஆகாது. எந்தப் பழைய வண்டி வந்தாலும் இரும்பு வெளுக்கும்வரை கிரைண்டரால் தேய்த்து, பள்ளத்தைப் பட்டி வைத்து நிரவி, முகம் தெரிகிற மாதிரி பெயிண்ட் அடித்து அனுப்புவார். "என் கைபட்ட வண்டில பழசுனு ஒரு பொட்டு இருக்காது" என்பார். பக்கத்தில் டயர் கடை வைத்திருந்த எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

2006 வாக்கில் எல்லாம் தலைகீழானது. பழைய பிக்கப் வாங்குகிறவர்கள், கம்பெனியில் வந்தபடியே வேண்டும் என்றார்கள். பளபளப்பைப் பார்த்து முகம் சுளித்தார்கள். "துருவுக்கு வந்த வாழ்வைப் பாருய்யா" என்று அரியமுத்து பொருமுவார்.

அந்த வருடம் துபாயிலிருந்து வந்த லப்பைக்குடிக்காடு ஷஃபியுல்லா, அரியலூர்க் குவாரி ஒன்றில் ஓடிய பிக்கப்பை வாங்கினார். பத்து வருடத்துக்கு முன் அதைப் புதுசாக்கியவர் அரியமுத்துதான். "நான் செஞ்ச வண்டிங்க, நம்பி வாங்குங்க" என்று வாக்குக் கொடுத்தவரும் அவரே. பட்டறைக்கு வண்டி வந்ததும் ஷஃபியுல்லா ஆர்.சி. புக்கைப் பிரித்தார்.

"சேஸ் நம்பரு எங்கண்ணே? அது இல்லாட்டி பேரு மாத்த முடியாது. வண்டி வெறும் இரும்புதான்."

வண்டிச் சட்டத்தில் நம்பர் பொறித்திருக்கவேண்டிய இடம் கறுப்புப் பெயிண்டில் வழவழவென்று இருந்தது. அரியமுத்து குனிந்து அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். குவாரிக்குள்ளேயே ஓடுகிற வண்டிதானே, நம்பரை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அதையும் சேர்த்துத் தேய்த்திருப்பார். தேய்க்காமல் விட்டதாக ஒரு வண்டிகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"நாளைக்கு ஜும்மா முடிச்சுட்டு வாங்க, சுரண்டிப் பாத்துடலாம்" என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலையில் வாங்கிய டீயைக் கையிலேயே ஆறவிட்டார். "இப்பவே சுரண்டிப் பாரேன்யா" என்றேன்.

"கை வரமாட்டேங்குது. நானே அழிச்சிருந்தா அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

ஷஃபியுல்லா வந்து வண்டியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அரியமுத்து பிளேடால் சுரண்டினார். கறுப்பு போயிற்று. பட்டி உதிர்ந்தது. அடியில் குவாரி மண்ணும் துருவும் அப்படியே அப்பியிருந்தன. தின்னரால் துடைத்ததும் ஒரு நான்கு தெரிந்தது. பிறகு ஏழு. கடைசி எண்வரை புக்கோடு ஒத்துப்போனது. எனக்கே அப்போதுதான் மூச்சு வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! பழசோட அரும தெரிஞ்சு அப்பவே விட்டு வச்சிருக்கீங்களேண்ணே" என்று ஷஃபியுல்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அரியமுத்து அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிறுத்துப்போயிருந்தது.

"அருமையெல்லாம் தெரியலீங்க. இப்பத்தான் ஞாபகம் வருது. ஆயுத பூசைக்கு வண்டி வேணும்னு குவாரிக்காரங்க அவசரப்படுத்துனாங்க. இந்த ஒரு எடத்த மட்டும் தேய்க்காம ஏமாத்திட்டேன்."