உப்புக் கை

உப்பளத்திலிருந்து வந்ததும் அப்பா நல்ல தண்ணீரில்தான் கை கழுவுவார். சீயக்காய் போட்டு நகக்கண் வரை தேய்ப்பார். உப்புக் கை பட்டால் தாள் ஈரம் கோத்துக்கொள்ளும். பிறகே வேதாகமத்தையும், பக்கத்தில் முதுகு கிழிந்த வியாக்கியானப் புத்தகத்தையும் விரிப்பார். சின்ன ஜெபம். ஒரு வசனம். அதற்கான வியாக்கியானம். மறுபடி அதே வசனம், கண்ணை மூடிக்கொண்டு.

கேளம்பாக்கம் உப்பளத்தில் அவர் மேஸ்திரி. பெயர் ஞானதாஸ். தெருவில் அவருக்கு வேறு பெயர். "ஒதுங்கு, வியாக்கியானம் வந்துகினு கீது" என்பார்கள். துக்க வீடானாலும் அந்தப் புத்தகத்தோடுதான் போவார்.

வேதாகமத்தின் சங்கீதங்களில் 'சேலா' என்றொரு சொல் அடிக்கடி வரும். சரியான பொருள் யாருக்கும் தெரியாது, நிறுத்தி அமைதியாக இரு என்பதாக இருக்கலாம் என்கிறது வியாக்கியானம். அப்பா சொன்ன அத்தனை விளக்கங்களிலும் என் அம்மா கிருபை பிடித்துக்கொண்டது இது ஒன்றைத்தான். அவர் பேச ஆரம்பித்தால், "சேலா போடேன்யா, சோறு ஆறிகினு கீது" என்பாள். அப்பா சிரித்து மூடிவிடுவார்.

ஒருநாள் மூடவில்லை. பக்கத்து வீட்டு ரெபேக்காளின் மகள் காய்ச்சலில் இறந்த அன்று, கர்த்தர் ஏன் பிள்ளைகளை எடுத்துக்கொள்கிறார் என்று வாசித்து விளக்கினார். அம்மா முழங்கையால் இடித்து "சேலா" என்றாள். அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். ரெபேக்காள் பிள்ளையின் காலைப் போர்த்தியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன மாதம் அம்மா இறந்தாள். மஞ்சள் காமாலை.

எனக்குக் கல்பாக்கத்தில் கட்டுமான வேலை. கான்கிரீட்டில் விரிசல் கண்டால் காரணம் எழுத வேண்டும். அடக்கம் முடிந்து வந்ததும் அப்பாவிடம் காரணம்தான் கேட்டேன். புத்தகத்தை விரித்தார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"இதத்தான் ரெபேக்காளுக்குப் படிச்சேன்" என்றார். "புள்ளயப் பக்கத்துல போட்டுகினு குந்தியிருந்தவளுக்கு."

அதன்பின் அவள் கிணற்றடியில் நின்றால் அவர் தண்ணீருக்குப் போவதில்லை. அவள் குரல் கேட்டால் வேலியைச் சுற்றிக்கொண்டு வருகிறார். புத்தகம் அலமாரியில் கிடக்கிறது.

போன சனிக்கிழமை அவர் வேலையிலிருந்து வந்த நேரம், ரெபேக்காள் வாசலில் நின்றாள்.

"இன்னா அண்ணாத்த, என்னக் கண்டா வேலி தாண்டி ஓடற? நான் இன்னா போலீஸா?"

அப்பா தலை நிமிரவில்லை.

"அன்னிக்கி நான்..." என்று தொடங்கினார்.

"அத்த வுடு." உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். "கிருபை இல்லாம தெருவே பேஜாரா கீது. யாரோட வம்படிக்கிறது, சொல்லு?" சிரிக்கப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அப்பா அலமாரியைப் பார்த்தார். நல்ல தண்ணீர்க் குடம் பக்கத்திலேயே இருந்தது. அதையும் பார்த்தார். பிறகு அவளுக்கு எதிரே உட்கார்ந்து, வெளுத்துப்போயிருந்த உப்புக் கைகளைக் கழுவாமலே மடியில் வைத்துக்கொண்டார்.