பச்சை விளக்கு எரியாத போல்ட்

வாலாஜாபாத் மெக்கானிக்கை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. வீட்டுக்கு வந்து எங்கள் பழைய வேனைப் பார்த்தவன், இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போய் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது, புதன்கிழமைக்கு முன்னால் கை வைக்க முடியாது என்றான். எங்களுக்குத் திங்கட்கிழமை காலை வேன் ஓடியாக வேண்டும். வல்லம் வடகாலில் ஆஸ்டலில் தங்கிக் கம்பெனி வேலைக்குப் போகும் பையன்களுக்கு என் மனைவிதான் தினமும் இட்லி கொண்டுபோய் இறக்கினாள். ஒரு நாள் தவறினாலும் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று வார்டன் கறாராகச் சொல்லியிருந்தார்.

நானே பிரித்து மாட்டிக்கொள்கிறேன் என்றேன். பதினோரு வருடமாக ஒரகடத்தில் இன்ஜின் லைனில் நிற்கிறேன். ஹெட் போல்ட் முறுக்குவதுதான் என் வேலையே. அவன் பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தான்.

"லைன்ல முறுக்குறது நீயா, மெஷினா? இந்த டார்க் ரெஞ்சையாவது வாங்கி வச்சிக்கோ. எவ்ளோ டைட்டு வைக்கணும்னு அது சொல்லும்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. உன் ரெஞ்சை நீயே வைத்துக்கொள் என்று அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு முழுக்க வேனோடு மல்லுக்கட்டினேன். ஹெட்டைக் கழற்றி, கார்பனைச் சுரண்டி, புது கேஸ்கெட் வைத்தேன். போல்ட்களை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முறுக்கும் வரிசைகூடத் தப்பவில்லை. கடைசி போல்ட்டில்தான் சனியன் பிடித்தது. லைனில் மேலிருந்து தொங்கும் மெஷின் போதுமான இறுக்கம் வந்ததும் தானே நின்று பச்சை விளக்கைப் போடும், நான் கையை எடுப்பேன். இங்கே எந்த விளக்கு எரியப்போகிறது? போதுமா, போதாதா என்று கைக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் என்று அழுத்தினேன். டக்கென்று போல்ட்டின் தலை ஸ்பானரோடு கழன்று வந்தது. மிச்சம் இன்ஜின் பிளாக்குக்குள் மாட்டிக்கொண்டது.

மாவு அரைத்துக்கொண்டிருந்த மனைவி கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள்.

"பதினோரு வருஷமா அங்க இன்னா தான் பண்ணிக்கினு இருந்த?"

வாய்க்கு வந்தபடி அவளைத்தான் திட்டினேன். ஸ்பானரைச் சுவரில் எறிந்தேன். அவள் கேட்டது நியாயம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் ஆட்டோ பிடித்து அவள் போய்ச் சேர்வதற்குள் ஷிப்ட் பஸ் பையன்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வெறும் வயிற்றோடு போனார்கள். இனி வர வேண்டாம் என்று வார்டன் அவளை இட்லி அண்டாவோடு திருப்பி அனுப்பினார். புதன்கிழமை அந்த மெக்கானிக் வந்து உடைந்த போல்ட்டை எடுத்து வேனைச் சரிசெய்தான். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அந்தப் பெருந்தன்மையை நான் மன்னிக்கப்போவதில்லை.

வேன் இப்போது அருமையாக ஓடுகிறது, ஏற்றத்தான் ஒன்றுமில்லை. மனைவி எங்கள் கம்பெனி கேன்டீனில் பரிமாறுகிறாள். தினமும் தட்டை நீட்டுகிறேன். இரண்டு இட்லியை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பின்னால் நிற்பவனைக் கூப்பிடுகிறாள்.