வாசலில் போன முதல் பீரியட்

எங்கள் பள்ளி ராஜா அண்ணாமலைபுரத்தில். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு ஜோதிலட்சுமி டீச்சர், தமிழ் நான். பதினாறு வருடம் ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலி என்பதால் உரிமையோடு சொல்கிறேன்: அந்த அம்மாவுக்குப் பிடிவாதம் அதிகம். முதல் பீரியட் கணக்கு. மணி அடித்த பிறகு வருகிறவர்கள் பீரியட் முடியும்வரை வாசலிலேயே நிற்க வேண்டும். பரீட்சையில் கோட்டைவிட்டால் மாலை ஆறரை வரை ஸ்பெஷல் கிளாஸ். தொண்டை கட்டும்வரை நடத்துவார்.

காலாண்டில் பதினொரு பேர் ஃபெயில். அடுத்த மாதத் தேர்வில் பதினான்கு. ஸ்பெஷல் கிளாஸை ஏழு மணி வரை நீட்டினார்.

அப்போதுதான் அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தியான சிந்துவின் அம்மா முத்தம்மா டி.சி. கேட்டு வந்தார். பள்ளிக்குப் பக்கத்து ஆற்றோரக் குடிசையிலிருந்து, இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரும்பாக்கத்துக்கு அரசு மாற்றிய குடும்பம்.

"இதுக்குப் படிப்பு ஏறல டீச்சர். எங்கூட வேலைக்காவது வரட்டும்."

திங்கட்கிழமை வரச் சொன்னார் ஜோதிலட்சுமி. முத்தம்மா வந்துபோன அன்று மாலையே, ஸ்பெஷல் கிளாஸில் பாடம் நடத்தவில்லை. எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன செய்கிறீர்கள் என்று பதினான்கு பேரையும் கேட்டுக் கரும்பலகையில் எழுதினார். எதனால் எது என்று அம்புக்குறி போட்டார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நானும் பார்த்தேன்.

"ஏழு மணிக்கு உட்டா, ரெண்டு பஸ் மாறி வூட்டுக்குப் போக ஒம்போது ஆவுது டீச்சர்," என்றாள் சிந்து. "அப்பால சோறாக்கணும். காலைல எந்திரிக்க முடில. லேட்டா வந்தா வெளிய நிக்கறோம். கணக்கு புரில. ஃபெயிலாயிடறோம்."

"ஃபெயிலானா?"

"ஸ்பெஷல் கிளாஸ்."

கடைசி அம்பு கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஜோதிலட்சுமி சாக்பீஸால் அந்த வட்டத்தை இன்னொரு முறை அழுத்தி வரைந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று வாய் கூசாமல் சொன்னவள்தான் நானும்.

மறுநாளே கணக்கு மூன்றாம் பீரியடுக்குப் போனது. முதல் பீரியடுக்கு விளையாட்டு வந்தது. ஸ்பெஷல் கிளாஸ் மதிய இடைவேளையில் அரை மணி நேரம்தான். வாசலில் நிற்க வைப்பது ஒழிந்தது.

திங்கட்கிழமை வந்த முத்தம்மாவிடம் ஜோதிலட்சுமி எதையும் மறைக்கவில்லை.

"உங்க பொண்ணு மேல தப்பு இல்லம்மா. நான் வச்ச முறைதான் அவளைக் கெடுத்துது. இப்ப மாத்திட்டேன். அவ படிப்பா, நிறுத்தாதீங்க."

முத்தம்மா டி.சி. கேட்டு எழுதிய தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இவ அக்காவும் உங்ககிட்டதான் படிச்சா டீச்சர். அவளும் டெய்லி வெளிய நின்னுகினு இருந்தா. மக்குன்னு நெனச்சு நான்தான் நிறுத்திட்டேன். அப்போ, அவளும் மக்கு இல்லியா?"

ஜோதிலட்சுமி வாய் திறந்தார். அந்தப் பெண்ணின் பெயர்கூட அவருக்கு நினைவுக்கு வரவில்லை.