இடது பக்கச் சூடு

மோட்டார் கம்பெனியில் அவரை எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி போடவும் தெரியாது, மருந்து எழுதவும் தெரியாது. ஓடுகிற மோட்டாரின் மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, பிடியை இடது காதில் அழுத்திக்கொண்டு, உள்ளே பேரிங் ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று கேட்டுச் சொல்வார். வலது கை சுவிட்சில் இருக்கும். பக்கத்து மெஷின்களின் இரைச்சல் குறுக்கே வராமலிருக்க வலது காதில் பஞ்சு அடைத்திருக்கும். மோட்டார் நல்லதென்றால் சாக்பீஸால் ஒரு டிக். அந்த டிக் விழாமல் எதுவும் பெயின்ட் பக்கம் போகக் கூடாது.

வேலை பழக்கியதோ, பிறவியே அப்படியோ, மனிதருக்கு எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. காய்கறிக்காரர் சிரித்தால் எடையில் ஏதோ இடிக்கிறது என்பார். மனைவி "சும்மாதான் கேட்டேன்" என்றால், சும்மா யாராவது கேட்பார்களா என்று அரை நாள் யோசிப்பார். இப்போது கொஞ்ச காலமாக அது முற்றிப்போயிருந்தது. கேன்டீனில் பக்கத்து நாற்காலிக்காரர்கள் வேண்டுமென்றே குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள் என்று கண்டுபிடித்திருந்தார். தன்னைப் பற்றி இல்லையென்றால் குரலைத் தாழ்த்துவானேன் என்பது அவருடைய வாதம்.

பாட்டுக் கேட்பதற்கு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரைக்கூட அவரேதான் செய்துகொண்டார். கடையில் விற்கிற பெட்டிக்குள் என்ன குப்பையைப் போட்டிருக்கிறானோ, யார் கண்டது? இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே வால்யூம் குமிழ் வைப்பதிலும் நம்பிக்கையில்லாமல் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்தார்.

பெட்டி பாடத்தான் செய்தது. ஆனால் அரைமணி ஓடினால் இடது பக்க டிரான்சிஸ்டர் விரல் வைக்க முடியாமல் சுட்டது. வலது பக்கம் வெதுவெதுப்புகூட இல்லை. போதாக்குறைக்கு இடது பக்கம் சத்தமும் கம்மி. இடது குமிழை ஏறக்குறைய கடைசிவரை திருகினால்தான் இரண்டு பக்கமும் சமமாகக் கேட்டது. சத்தம் கம்மி, சூடு அதிகம் என்றால் அர்த்தம் ஒன்றுதான். பார்ட்ஸ் கடைக்காரர் போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்.

"சார், ரெண்டும் ஒரே பெட்டியில இருந்து எடுத்துக் குடுத்தது. ஒண்ணு மட்டும் எப்படிப் போலியாகும்?" என்றார் கடைக்காரர்.

"அதைத்தானே நானும் கேக்குறேன்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து டிரான்சிஸ்டருக்கு அடியிலிருந்த மைக்காத் தகட்டை மாற்றினார். சூட்டைக் கடத்துகிற ஹீட்சிங்க் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவினார். திருகாணியை இறுக்கினார். பெட்டியின் பக்கவாட்டில் துளைகள் போட்டார். கடைசியில், இடது பக்கத்துக்கு மட்டும் அலுமினியத்தில் பெரிய ஹீட்சிங்க் ஒன்றை அறுத்து மாட்டினார். பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது.

"என்னங்க, இதுக்கு ஒரு பக்கம் மட்டும் கன்னம் வீங்கியிருக்கு?" என்றாள் மனைவி.

"நீ யார் கட்சி?" என்று கேட்டார்.

வலது டிரான்சிஸ்டரை இடதுக்கும், இடதை வலதுக்குமாக மாற்றிப் பார்த்தார். அப்போதும் சுட்டது இடதுதான். வேறு யாராக இருந்தாலும் கடைக்காரரை அந்த இடத்தில் விட்டிருப்பார்கள். இவரோ, நல்ல டிரான்சிஸ்டரையும் கெடுக்கிற மாதிரி போர்டிலேயே கடைக்காரர் ஏதோ கைவரிசை காட்டியிருக்கிறார் என்று முடிவுகட்டினார்.

இதே சமயத்தில் கம்பெனியிலும் ஒரு வில்லங்கம். விற்ற மோட்டார்கள் கரகரவென்று சத்தம் போடுவதாகத் திரும்பி வர ஆரம்பித்தன. டாக்டருக்கு மூக்கில் வியர்த்தது. தான் ஆகாதென்று ஒதுக்கிய மோட்டார்களில் பெயின்ட் அடிக்கிறவன் தானே டிக் போட்டுப் பெயின்ட் அடித்திருக்கிறான்; அவனுக்கு எண்ணிக்கைக்குத்தானே கூலி என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னார். பெயின்டுக்கு அடியில் இருந்தது யார் போட்ட டிக் என்று இனி எவராலும் பார்க்க முடியாது. டாக்டர் சொன்னால் சொன்னதுதான். திங்கட்கிழமை அவனை வேலையை விட்டு அனுப்புவதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெயின்டர் வீட்டுக்கே வந்துவிட்டான். முப்பது வயதுகூட இருக்காது. முழங்கைவரை சாம்பல் நிறப் பெயின்ட் ஒட்டியிருந்தது. அனுதாபத்துக்காகக் கழுவாமல் வந்திருக்கிறான் என்று டாக்டர் மனசுக்குள் குறித்துக்கொண்டார். மனைவி தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னாள்.

"அண்ணே, சத்தியமா நான் சாக்பீஸைத் தொட்டதே இல்லை. குழந்தை பிறந்து ஒரு மாசம்தான் ஆகுது. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

டாக்டர் பெட்டியின் மூடியைக் கழற்றி ஹீட்சிங்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் பெயின்டர் கேட்டிருப்பான்:

"இது நீங்களே செஞ்சதா அண்ணே?"

வாயைப் பிடுங்கப் பார்க்கிறான் என்று தோன்றினாலும், செய்த சாமானைக் காட்டுகிற ஆசை யாரை விட்டது? ஹெட்ஃபோனை எடுத்து நீட்டினார். பெயின்டர் மாட்டிய வேகத்தில் இடது பக்கத்தைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்தான்.

"அண்ணே, இந்தப் பக்கம் காதைக் கிழிக்குது. அந்தப் பக்கம் சரியா இருக்கு."

"ரெண்டும் சமமாத்தான் வெச்சிருக்கேன்."

"இல்லண்ணே, நிஜமாத்தான்."

நேருக்கு நேர் நின்று காதில் பூச்சுற்றுகிறான்! டாக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. "இவன் வாயில உண்மையே வராது, பாத்தியா?" என்று ஹெட்ஃபோனைப் பிடுங்கி மனைவியிடம் கொடுத்தார். அவளும் மாட்டிய உடனே முகத்தைச் சுளித்தாள்.

"ஆமாங்க. இடது பக்கம் அலறுதே."

இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களா? எப்போது பேசினார்கள்? இப்போதுதானே அவன் உள்ளே வந்தான்! டாக்டர் ஹெட்ஃபோனை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு, இவர்கள் பொய்யை உடைத்துக் காட்டுகிற தோரணையில், இடதை வலது காதிலும் வலதை இடது காதிலுமாகத் திருப்பி மாட்டினார்.

வலது காதில் இடி விழுந்த மாதிரி இருந்தது. சட்டென்று இழுத்து விலக்கினார். இடது காதில் பாட்டு அடுத்த தெருவில் பாடுவது போல எங்கோ முனகிக்கொண்டிருந்தது. பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. கேட்காத காதுக்குச் சமமாக்க வேண்டி அவரே இடது பக்கத்தை முடுக்கி முடுக்கி ஓட்டியிருக்கிறார். அது சுடாமல் என்ன செய்யும்?

அப்புறம்தான் மற்றது உறைத்தது. மோட்டார்களைக் கேட்டதும் அந்தக் காதுதான்.

"சரி, நீ போ" என்றார் பெயின்டரிடம். அவன் முகத்தைப் பார்க்காமல் ஹெட்ஃபோன் ஒயரைச் சுருட்டினார். கோபம் என்று நினைத்து அவன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

"உனக்குத் தெரியுமா?" என்று மனைவியைக் கேட்டார்.

"இடது பக்கம் நின்னு கூப்பிட்டா நீங்க திரும்புறதே இல்லைங்க. ஒருநாள் சொன்னேன். எனக்குச் செவிடன்னு பட்டம் கட்டுறியான்னு ரெண்டு நாள் பேசாம இருந்தீங்க. அப்புறம் நான் வாயைத் திறக்கலை."

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து யோசித்தார். சும்மா இருந்துவிட்டால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. பெயின்டர் போவான், இவர் டாக்டராகவே இருப்பார். சொன்னாலோ, காது போன டாக்டரை வைத்துக் கம்பெனி என்ன செய்யும்? பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. இத்தனை பேரைச் சந்தேகப்பட்ட மனிதர் தன் காதை மட்டும் ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை.

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் அறைக்குப் போனார். பெயின்டர் வாசலில் நின்றிருந்தான்.

"சார், அந்த மோட்டாரெல்லாம் நான் பாஸ் பண்ணினதுதான். அவன் மேல தப்பு இல்லை. என் இடது காது கேக்கலை."

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து அவன் உங்க வீட்டுக்கு வந்தானாமே? என்ன பேசிக்கிட்டீங்க?"

அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று டாக்டருக்கா தெரியாது?

"நான் சொல்றதை நம்பாதீங்க சார். திரும்பி வந்ததுல ஒண்ணும், நல்லதுல ஒண்ணும் ஓட விடுங்க. எது எதுன்னு எனக்குச் சொல்லாதீங்க."

டெஸ்டிங் மேஜையில் இரண்டும் ஓடின. மேனேஜரும் மெஷின்காரர்களும் சுற்றி நின்றார்கள். பெயின்டர் பின்னால் நின்றான். டாக்டர் வலது காதில் பஞ்சை அடைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரை முதல் மோட்டாரின் மேல் வைத்தார்.

"இது நல்ல மோட்டார்."

அடுத்ததின் மேல் வைத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டார். தன்னைப் பொய்யாக்குகிற மாதிரி ஏதாவது ஒரு சின்னச் சத்தம் வராதா என்று அவர் மனசு கெஞ்சியது.

"இதுவும் நல்ல மோட்டார்."

கண்ணைத் திறந்தார். மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சை எடுத்துவிட்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஸ்க்ரூடிரைவரின் பிடியை வலது காதில் வைத்தார். உள்ளே பேரிங் கல்லை மெல்லுவது போலக் கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தது.

"இதையா பாஸ் பண்ணினேன்?" என்றார்.

"ஆமாண்ணே" என்றான் பெயின்டர். இந்தத் தடவை அவருடைய வலது பக்கமாக வந்து நின்று சொன்னான்.