தேங்காய் எழுந்து நின்ற மனை

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், அந்த மூன்று மாதமும் என் வீட்டுக்காரரை நான் திட்டாத திட்டு கிடையாது. எண்பதுகளின் கடைசி அது. இராஜபாளையத்தில் ஒற்றை அறை, ஐந்து குடும்பத்துக்கு ஒரு குழாய் என்று வாடகைக்கு இருந்தோம். அவர் நூல் மில்லில் ஃபிட்டர். ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டு நாலு எட்டு போய், திரும்பி வந்து இன்னொரு தடவை முடுக்கிப் பார்க்கிற ரகம். நான் பேண்டேஜ் கம்பெனியில் துணி சுற்றுகிறவள். கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும்.

குழாயடிச் சண்டையில் என்னை ஜெயித்தவள் எங்கள் தெருவில் கிடையாது. ஜெயித்து என்ன, கிடைப்பது நாலு குடம். அதனால் எங்கள் பக்கத்தில் இடம் வாங்குகிறவர்கள் வேறு எதையும் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பார்ப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் மனை போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நானும் என்னோடு வேலை பார்த்த நாலு பெண்களும் கிளம்பிவிட்டோம். மனை விற்றவர் வேன் அனுப்பினார், கேசரியும் வடையும் கொடுத்தார். எங்கள் பங்குக்கு நாங்கள் நீரோட்டம் பார்க்கிற ஒருவரைக் கூட்டிப் போயிருந்தோம். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு முன்வரிசையில் நடந்தார், அசையவில்லை. நடுவரிசை, ம்ஹூம். கடைசி வரிசைக்கு வந்ததும் தேங்காய் விருட்டென்று எழுந்து நின்றது பாருங்கள், எங்களுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"இருவது அடியில தண்ணி தாயி. கோடையிலயும் வத்தாது," என்றார் அவர்.

அங்கேயே, அடுத்தடுத்து ஐந்து மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். எல்லோரையும் கிளப்பிவிட்டது நான்தான். ஐந்து பேரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கலாம், வீட்டுக்கு ஒரு கிணறு, எவளோடும் சண்டை வேண்டாம் என்று நான் பேசிய பேச்சில் மயங்கி வந்தவர்கள் அவர்கள். இது போனால் இன்னொரு இடம் வாங்க எங்களில் ஒருத்திக்கும் வழி கிடையாது.

வீட்டுக்கு வந்து சொன்னால், மனிதர் கேட்ட முதல் கேள்வி, "சர்வே நம்பர் என்ன?"

"தண்ணி இருவது அடியிலன்னு சொல்லுதேன், நீங்க நம்பரைக் கேக்கிய!"

அவர் அட்வான்ஸ் ரசீதிலிருந்து நம்பரைக் குறித்துக்கொண்டார். அடுத்த வாரமே பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தார். கடைசி வரிசை நம்பருக்கு ஒரு பதிவும் இல்லை என்று சான்று வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வில்லங்கமும் இல்லையாமே!

"ஏட்டி, செத்த யோசி," என்றார். "முன்வரிசை நம்பர் மூணு கை மாறி மனை விக்கிறவருகிட்ட வந்திருக்கு. இதுக்கு ஒண்ணுமே இல்ல. யாரும் விக்காத, வாங்காத இடம் இவருக்கு எப்படி வந்துச்சு?"

"வானத்துலேர்ந்து விழுந்துச்சு! ஒங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?"

ஊர்க் கணக்கில் இடம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்க, மனை இருக்கிற ஊரின் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி நாலு தடவை போனார். நாலு தடவையும் அலுவலகத்தில் பூட்டுத்தான் தொங்கியது. கடைசியில், ஜமாபந்தி வரட்டும், அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை தாலுகாவில் இருக்கிற அத்தனை கிராமக் கணக்கையும் தாலுகா ஆபீஸுக்குக் கொண்டுவந்து தணிக்கை செய்வார்களே, அதற்குப் பெயர்தான் ஜமாபந்தி. மனை விற்றவரோ பதிவுக்கு நாள் குறித்துவிட்டு ஆள் மேல் ஆள் அனுப்புகிறார். ஐயோ, எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் ரசத்துக்கு உப்பே போடவில்லை. அவர் அதையும் குடித்தார்.

ஜமாபந்தி அன்று கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அந்த நாலு பெண்களையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். எல்லார் முன்னாலும் வீட்டுக்காரர் மூக்கை உடைக்க வேண்டும், அவ்வளவுதான் எண்ணம். தாலுகா ஆபீஸ் கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாசலில் பந்தல், ஊர் ஊராக மேசை, மனுவோடு கூட்டம், வெளியே சர்பத் வண்டி. நாங்கள் தேடிய கிராம நிர்வாக அலுவலர் அன்றைக்கு எங்கேயும் ஓட முடியாமல் கணக்குக்கு நடுவில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் நம்பரைச் சொன்னார். அலுவலர் பெரிய பதிவேட்டைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார்.

"நீங்களே வாசிச்சுப் பாருங்கம்மா."

'ஓடைப் புறம்போக்கு' என்று எழுதியிருந்தது. புல வரைபடத்தையும் விரித்துக் காட்டினார். "மழை பெஞ்சா மலையிலேர்ந்து வார தண்ணி இதுலதான் போவும். ரெண்டு மூணு வருசமா மழை இல்ல, அதான் தரை மாதிரி கெடக்கு."

"அடி ஆத்தீ, ஓடையில தேங்கா நிக்காம படுத்தா கெடக்கும்?" என்றாள் எங்களில் ஒருத்தி. பக்கத்து மேசைக்காரர் வரைக்கும் சிரித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நாலு பேரை இழுத்து வந்து ஓடைக்குள் இறக்கியிருக்கிறேனே!

"சரி சார், பதிவு ஆபீஸ்ல முத்திரை குத்திட்டா எங்களுக்கு ஆயிராதா?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"நீங்க எழுதிக் குடுத்ததப் பதிஞ்சு தருவாவ, அம்புட்டுத்தான். இது அரசாங்க ஓடை, பட்டா யாருக்கும் தர முடியாது. அளந்து பாத்தா கல்லப் புடுங்கிருவாவ."

வீட்டுக்காரர் அடுத்த நம்பரைச் சொன்னார். முன்வரிசை, விற்றவர் பெயரிலேயே சுத்தமான பட்டா நிலம். பஞ்சாயத்தில் ஒப்புதல் வரைபடத்தையும் ஏற்கெனவே போய்ப் பார்த்திருக்கிறார் மனிதர். அதில் கடைசி வரிசை என்று ஒன்றே கிடையாதாம். தேங்காய் அசையாத இடம்தான் சர்க்கார் ஒத்துக்கொண்ட மனை.

மறுநாள் பதிவேட்டு நகலோடு ஐந்து பேரும் மனை விற்றவர் வீட்டு வாசலில் நின்றோம். குழாயடியில் பழகிய வாய் அன்றைக்குத்தான் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது. அவர் கேசரி கொடுக்கவில்லை. ஆனால் அரை மணி நேரத்தில், கொடுத்த அட்வான்ஸை வரவு வைத்து முன்வரிசையில் ஐந்து மனையையும் சேர்ந்தாற்போலத் தருவதாக எழுதிக் கொடுத்தார். தண்ணீருக்குக் கொஞ்சம் ஆழமாகத் தோண்டிக்கொள்ளலாம், தோண்டுகிற இடம் நம்முடையதாக இருக்கட்டும்! திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் நாங்கள் போட்ட கும்மாளத்தில் கண்டக்டர் டிக்கெட் கேட்கவே பயந்தார்.

ஆடி முடிந்து ஆவணியில் பத்திரம். எழுதுகிறவர் வாங்குகிறவர் பெயரைக் கேட்டார். நான் வீட்டுக்காரரின் பெயரைச் சொன்னேன்.

"இல்ல, அவ பேரு எழுதுங்க," என்றார் அவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என் பேரா? இது எப்போ முடிவாச்சு?"

"நீ அட்வான்ஸ் குடுத்துட்டு வந்த அன்னைக்கே. என் பேர்ல வாங்கி ஏமாந்தா நீ நாலு நாளு திட்டுவ, பொறவு சோறு போட்ருவ. ஒன் பேர்ல வாங்கி ஏமாந்தா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒன்ன ஏறிட்டுப் பாப்பேன்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுதி முடித்த பத்திரத்தைக் கையில் வாங்கினேன். சர்வே நம்பர், நாலு எல்லை, அளவு என்று ஒவ்வொன்றையும் பட்டா நகலோடு விரல் வைத்து ஒத்துப் பார்த்தேன். மனை விற்றவர் மணியைப் பார்த்துக்கொண்டு, "சீக்கிரம்மா, ஆபீசர் சாப்பிடப் போயிருவாரு," என்றார்.

"செத்த இருங்க," என்றேன். "இதுல என் பேரு இருக்கு."