என் அண்ணன் அடக்கிய இருமல்

என் அண்ணன் இருசப்பன் வீராம்பட்டினத்தில் கரைவலை இழுத்தவர். 1959 ஆடியில் இறந்தார். வயது நாற்பத்தொன்று. வயிற்றுப்புண்ணால் போனார் என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். அது தவறு. அந்தப் புண்ணை முந்தின ஐப்பசியிலேயே அறுத்து எடுத்தாயிற்று.

டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் இரைப்பையில் பாதியை எடுத்துவிட்டுத் தைத்து அனுப்பினார்கள். எலும்பும் தோலுமாக வீடு வந்தார். நாலு வாய்க் கஞ்சிக்கு மேல் இறங்காது. அவர் உடம்பில் சதை பிடிக்க வேண்டும் என்பதே அண்ணி அஞ்சலாட்சிக்கு ஒரே கவலை. தினம் சுறாப்புட்டு செய்து ஊட்டாத குறை. மாசி மாதத்தில் வயிறு மட்டும் கொஞ்சம் முன்னே வந்தது. கை கால் குச்சியாகவே இருந்ததை யாரும் பார்க்கவில்லை. கூட வலை இழுக்கும் வைத்திலிங்கம் அந்த வயிற்றைத் தட்டி, “ஆஸ்பத்திரி சோறு ஒட்டிக்கிச்சிடா. கடக்காரன் தொப்ப வுழுந்துடுச்சி உனக்கு” என்றார். அண்ணன் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் நான் கண்டேன். தழும்பின் நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று எழும்பி அடங்கியது. சதை அப்படி வந்து போகாது. பிறகு கவனித்துப் பார்த்தேன். குடம் தூக்கினால் வந்தது, இருமினால் வந்தது, படுத்தால் இருந்த இடம் தெரியவில்லை. சாயங்காலமானால் அங்கே இழுத்துப் பிடிக்கிறது என்று அவரே ஒருநாள் சொன்னார். உள்தையல் விட்டு அந்த வழியாகக் குடல் பிதுங்குகிறது, குடலிறக்கம், காட்ட வேண்டும் என்றேன். தேறி வருகிறவர்மேல் கண் வைக்கிறேன் என்று அண்ணி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பங்குனியில் ஒருவழியாக அதே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பெரிய டாக்டர், பிரெஞ்சுக்காரர், அவரைக் கட்டிலில் படுக்க வைத்து வயிற்றை அழுத்தினார். படுத்தவுடன் அது உள்ளே போய்விட்டது. இருமச் சொன்னார். அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, துண்டால் வாயைப் பொத்தி, தொண்டையை மட்டும் லேசாகக் கனைத்தார். டாக்டர் சீட்டில் ‘ரியேன்’ என்று எழுதி நீட்டினார். ஒன்றுமில்லை என்று அர்த்தம். நிற்க வைத்துப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு பிரெஞ்சு தெரியும். சொல்லவில்லை.

வாசலுக்கு வந்ததும், அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து அவருக்கு ஒரு பெரிய இருமல் வந்தது. வேட்டிக்கு மேலே அது முட்டிக்கொண்டு நின்றது.

“உள்ள இருமியிருக்கலாமில்ல அண்ணே” என்றேன்.

“அவ்ளோ பெரிய மனுசன் மூஞ்சிக்கு நேரா எப்பிடிடா இருமுறது? படிச்சவன்தான நீ?”

திரும்பி உள்ளே போகலாம் என்று கையைப் பிடித்தேன். டாக்டரே எழுதிக் கொடுத்த பிறகு என்ன பேச்சு என்று அண்ணன் பஸ்ஸில் ஏறிவிட்டார். அந்தச் சீட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கரையில் எல்லோருக்கும் காட்டினார். சித்திரையில் மறுபடி வலை இழுக்கப் போனார். கயிற்றை இடுப்பில் சுற்றிப் பின்னால் சாய்ந்து இழுப்பார். நான் தடுத்தேன், சண்டை போட்டேன். ஒரு தடவை கயிற்றையே பிடுங்கினேன். இருபது பேர் சிரித்தார்கள். பிறகு விட்டுவிட்டேன்.

ஆடியில் ஒருநாள் காலையில் அது வெளியே வந்தது. படுத்தும் உள்ளே போகவில்லை. கல் மாதிரி இறுகி, தொட்டால் துடித்திருக்கிறார். அண்ணி வாயு என்று தவிட்டு ஒத்தடம் கொடுத்தாள். மத்தியானம் பச்சையாக வாந்தி எடுத்தார். நான் வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்து பார்த்து, வண்டி பிடித்து ஆஸ்பத்திரி சேர்த்தபோது மணி எட்டு.

வேறொரு டாக்டர், இளைஞர், தமிழர். நின்றபடியே அழுத்திப் பார்த்தார்.

“இது எவ்ளோ நாளா இருக்கு?”

“இன்னிக்கு காலையிலேர்ந்துதாங்க” என்றாள் அண்ணி.

“அஞ்சு மாசமா” என்றேன் நான்.

அவர் அண்ணியை விட்டு என் பக்கம் திரும்பினார். என் பேன்ட், சட்டை, பையில் இருந்த பேனா எல்லாவற்றையும் பார்த்தார். கத்தி வைக்க ஏற்பாடு செய்யச் சொன்னார். குடல் ஒரு முழம் கறுத்துப்போயிருந்தது. மூன்றாம் நாள் விடியுமுன் அண்ணன் இறந்தார்.